ஊகமும் உபாதியும்: ஆன்டிஆக்சிடென்ட் மாத்திரைகள் எழுப்பும் அறிவியல் கேள்வி

கருதல் அளவை, அதாவது அனுமானம், எப்போது நம்பத்தக்க அறிவாகிறது என்பது தத்துவத்தின் பழைய கேள்வி. ஆன்டிஆக்சிடென்ட் மாத்திரைகளின் வரலாற்றில் அந்தக் கேள்விக்கு மனித உயிர்கள் விலையாகியிருக்கின்றன.

வினைத்திறன் மிகுந்த மூலக்கூறுகளான ஃப்ரீ ராடிக்கல்கள் செல்களைச் சிதைப்பதால்தான் மூப்பு வருகிறது என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் முன்மொழிந்தார். அவற்றைத் தணிக்கும் ஆன்டிஆக்சிடென்டுகளில் ஒன்றான பீட்டா கரோட்டின் ரத்தத்தில் மிகுந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பதையும் ஆய்வுகள் காட்டின. அப்படியானால் அதை மாத்திரையாகக் கொடுத்தால் நோய் குறையும் என்பது இயல்பான ஊகம்.

இத்தகைய ஊகத்தைக் கெடுக்கும் மறைந்த நிபந்தனையை இந்தியத் தர்க்க மரபான நியாய தரிசனம் உபாதி என்கிறது. நெருப்புள்ள இடமெல்லாம் புகை இருக்கும் என்று சொல்ல முடியாது. விறகு ஈரமாயிருந்தால்தான் புகை எழும். இங்கும் அப்படியே: கரோட்டின் மிகுந்தவர்கள் காய்கனி நிறைய உண்பவர்கள், பெரும்பாலும் குறைவாகப் புகைப்பவர்கள். நலத்துக்குக் காரணம் எது என்பதை ரத்தத்திலுள்ள கரோட்டின் அளவு சொல்லாது.

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வெளியானது. நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுக்கும் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-யுடன் கொடுத்த சோதனையில் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் கூடின. அது 1996இல், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்பே நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ-யின் தீமை இன்னும் தாமதமாகத் தெரிந்தது. 2008இல் மாத்திரைகளை நிறுத்திய ஒரு பெரிய சோதனையில், புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருப்பது 2011இல்தான் உறுதியானது.

ஃப்ரீ ராடிக்கலை வெறும் பகையாகக் கொண்டதே அடிப்படைப் பிழை. நோயெதிர்ப்பு செல்கள் கிருமிகளைக் கொல்ல அவற்றையே பயன்படுத்துகின்றன. புகை நிறைந்த நுரையீரலில் பீட்டா கரோட்டினே சிதைந்து, தீங்கு செய்யும் பொருளாக மாறக்கூடும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஒரு பொருளின் நன்மையும் தீமையும் அது செயல்படும் சூழலைப் பொறுத்தவை.

அறத்தின் கேள்வியும் இங்கே எழுகிறது. நோயாளி குணத்துக்காகச் சிறிது ஆபத்தை ஏற்கலாம். நலமாயிருப்பவர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கும்போது அதற்கு ஈடாகப் பெறுவது ஊகம் மட்டுமே. ஆகவே நிரூபிக்கும் கடமை மாத்திரையைப் பரிந்துரைப்பவருடையது. அந்தக் கடமை நிறைவேறிய இடமும் உண்டு: வயதானோருக்குக் கண்ணில் வரும் மாக்குலா சிதைவின் நடுக்கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட ஆன்டிஆக்சிடென்ட்-துத்தநாகக் கலவை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகிறது. அதிலிருந்த பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக லூட்டினையும் ஸியாசாந்தினையும் சேர்க்கலாம் என்று 2013இல் வெளியான அடுத்த சோதனை காட்டியது.