துணை நிற்கும் திறமை

கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் வந்தால் அது தலைப்புச் செய்தி. துணைப் பயிற்சியாளர்கள் வந்தால் ஒரு வரிச் செய்தி. ஆனால் கோல்கீப்பரைப் பழக்குவதும், கார்னர் கிக்குக்கு வியூகம் வகுப்பதும், ஆடும் பதினொருவரில் இடம் கிடைக்காதவர் மனம் வாடாமல் காப்பதும் அந்த ஒரு வரிக்காரர்கள்தாம்.

தலைவருக்கு முடிவெடுக்கும் துணிவு வேண்டும். துணைவருக்கோ, அந்த முடிவு தவறென்றால் அறைக்குள் சொல்லும் துணிவும், முடிவான பின் வெளியே அதைத் தன்னுடையதாகவே தாங்கும் பண்பும் வேண்டும். ஆமாம் போடுபவர்களைச் சேர்ப்பவருக்குக் கூட்டம் பெருகும். தன்னிடம் இல்லாத திறனுள்ளவர்களைச் சேர்ப்பவருக்குப் பலம் பெருகும்.

லிவர்பூல் கால்பந்து அணியில் தலைமைப் பயிற்சியாளர் பில் ஷாங்க்லிக்குப் பல ஆண்டுகள் துணை நின்றவர் பாப் பெய்ஸ்லி. 1974-இல் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1977, 1978, 1981 என மூன்று முறை ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தார். துணை நின்ற காலமே அவர் தலைமைக்குப் பழுத்த காலம்.

ஒருவரின் தலைமையை அளக்க வேண்டுமா? வென்ற கோப்பைகளை எண்ணும் முன், அவர் யாரைத் துணைக்குத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள்.