மரத்தில் நிற்கும் பழம்



உலு லங்காட்டுப் பக்கத்து டூசுன்களில் பெரிய பழக்காலம் முடிந்துவிட்டது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை விழுந்த டுரியானும், அதனோடு வந்த ரம்புத்தானும் மங்குஸ்தானும், பின்னால் வந்த லங்சாட்டும் தீர்ந்து, மழை தொடங்குகிற சமயம் இது. குளிர் நாட்டுப் பழத்தோட்டக்காரர் பனி விழுமுன் செய்கிற வேலைகளை நம் நாட்டில் மழைக்கு முன் செய்ய வேண்டியிருக்கிறது. காய்ந்த கிளைகளை வெட்டுகிறார்கள், புல்லுருவியைக் களைகிறார்கள், அழுகிக் கிடப்பவற்றை அள்ளி அப்புறப்படுத்தி, வாய்க்காலைத் தூர் வாருகிறார்கள். அடியில் தண்ணீர் நின்றால் டுரியானுக்கு வேர் அழுகும். தண்டில் புண் கண்டு மரமே பட்டுப்போவதும் உண்டு. கிழக்குக் கரையைப் போல் கிள்ளான் பள்ளத்தாக்கில் வடகிழக்குப் பருவமழை அத்தனை கடுமை காட்டாது என்றாலும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை வேளைகளில் இடியுடன் கொட்டும் மழை லேசானதல்ல.

இந்த நாட்களில்தான் கணக்குப் பார்ப்பதும், அடுத்த பருவத்துக்குப் பேச்சு நடப்பதும் வழக்கம். தோட்டத்தை இத்தனை வெள்ளி என்று பேசி, வரப்போகிற பழம் முழுவதையும் வியாபாரி ஒருவருக்கு விட்டுவிடுகிறார்கள். மலாய்ச் சகோதரர்கள் இதைப் 'பஜாக்' என்பர். தாயகத்தில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விடுவார்களே, அதே சங்கதிதான். ஒரு பருவத்துக்கு மட்டுமன்றி, இரண்டு மூன்று ஆண்டுப் பழத்துக்கும் சேர்த்துப் பணம் வாங்குவோரும் இருக்கிறார்கள். நம்மில் டூசுன் உடையவர்கள் சிலரே. ஆனால் பழ வியாபாரத்தில் முதல் போட்டவர்களும் குத்தகை எடுப்பவர்களும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம்மவருள் உண்டு. ஆகவே இது நம் வீட்டு விஷயமே.

ஸஹீஹுல் புகாரீயில் ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு செய்தி வந்திருக்கிறது. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவாசிகள் மரத்தில் நிற்கும் பழத்தைப் பழுக்குமுன்பே விற்று வந்தார்கள். அறுவடை வந்து, விற்றவர் பாக்கியைக் கேட்கும்போது, வாங்கியவர் பழம் கறுத்துவிட்டது, நோய் விழுந்தது, பிஞ்சிலே உதிர்ந்தது என்று முறையிடுவார். இப்படி வழக்குகள் பெருகவே, பழம் முதிர்ந்து நலம் வெளிப்படும் வரை விற்க வேண்டாம் என்று நபியவர்கள் கூறினார்கள். அல்லாஹ் அந்தப் பழத்தைத் தராமல் தடுத்துவிட்டால், எந்த நியாயத்தைக் கொண்டு உங்கள் சகோதரனின் பொருளை எடுத்துக்கொள்வீர்கள் என்று அவர்கள் கேட்டதாக வேறோர் அறிவிப்பும் இருக்கிறது. பல ஆண்டுப் பழத்தை ஒருசேர விற்பதையும் அவர்கள் தனியே தடுத்திருக்கிறார்கள்.

அந்த ஸைத் (ரலி) அவர்களே தம் நிலத்துப் பழத்தை, ஸுரய்யா என்னும் மீன்கூட்டம் விடியற்காலையில் தோன்றி, மஞ்சளும் சிவப்பும் வேறு வேறாகத் தெரியும் வரை விற்கமாட்டார்களாம். ஸுரய்யா என்பது நம்மவர் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் சொல்வதே. ஹிஜாஸில் அது கோடையின் அடையாளம். தமிழருக்கோ கார்த்திகை என்றால் மழை நினைவு வரும். வானம் ஒன்றுதான், அதைப் பார்த்து அவரவர் படிக்கிற பாடம் அவரவர் மண்ணுக்குத் தக்கபடி அமைகிறது.

பேரீச்சம்பழத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் அடையாளம் என்றால் டுரியானுக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். இந்த நாட்டில் டுரியானை மரத்திலிருந்து பறிப்பது பொதுவான வழக்கமல்ல. பழுத்தால் தானே விழும். இரவில் விழுந்ததை விடிந்ததும் பொறுக்குகிறோம். ஆகவே இந்த விஷயத்தில் மரமே ஃபத்வா கொடுத்துவிடுகிறது!

பூவிலிருந்து பழம் விழ மூன்று நான்கு மாதம் ஆகிறது. மழை நின்று சில நாட்களாவது தொடர்ந்து வெயில் காய்ந்தால்தான் பூக்கும். பூத்தபின் பெருமழை பிடித்தால் பூவும் பிஞ்சும் உதிர்ந்துபோகும். அந்தப் பூவோ மாலையில் விரிந்து விடியுமுன் இதழை உதிர்த்துவிடுகிற பூ. அந்த இரவுக்குள் மகரந்தத்தை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோவதில் தேன் குடிக்கும் குகை வௌவாலுக்குப் பெரும் பங்குண்டு. பத்துமலைக் குகைகளில் அடைவதும் அந்த இனமே. ஓர் இரவில் பல மைல் பறந்து, கடலோரச் சதுப்புக் காட்டு மரங்களின் பூக்களையும் அவை நாடுகின்றன. தோட்டக்காரர் உறங்குகிறார், குத்தகைக்காரர் உறங்குகிறார், எவரும் கூலி கொடுக்காத பிராணி வேலை செய்துவிட்டுப் போகிறது. வெயிலையும் மழையையும் வௌவாலையும் தன் பெயரில் பத்திரம் எழுதிக்கொண்டவர் யார்? வராத பழத்துக்கு விலை பேசும்போது நம் கையில் இல்லாததையன்றோ விற்கிறோம்!

பூகூட வராத பழத்தை விற்பது எந்த மத்ஹபிலும் செல்லாது. காய்த்துப் பழுக்காதிருப்பதைப் பற்றி ஹனஃபீ, ஷாபிஈ இமாம்களிடையே விவரங்கள் உண்டு. பெயரைக் குத்தகை என்று மாற்றிக்கொண்டாலும், பழத்துக்காக மரத்தைக் குத்தகை விடுவதைப் பெரும்பாலான இமாம்கள் ஏற்கவில்லை. விற்றபின் இயற்கைச் சேதம் வந்தால், மாலிக், அஹ்மத் இமாம்கள் விலையைக் குறைப்பது கடமை என்கிறார்கள். மற்ற இருவரும் அதை விரும்பத்தக்கது என்ற அளவில் வைத்தார்கள். எம்முடைய எண்ணத்தை ஒளிக்காமல் சொல்லுகிறோம்: புயலில் பூவை இழந்தவரிடம் முழுப்பணத்தையும் கேட்கிறவர், இவ்விடத்தில் தம் மத்ஹபைக் கேடயமாகப் பிடிக்காதிருப்பது மேல்.

இனி ஏழைகளின் ஹக்கு. திருக்குர்ஆனின் கலம் அத்தியாயம் ஒரு தோட்டத்துக்காரர்களைப் பற்றிச் சொல்கிறது. அது யமனில், ஸன்ஆவுக்கு அருகே இருந்ததென்று முஃபஸ்ஸிர்களில் சிலர் எழுதுகிறார்கள். தந்தை ஏழைகளுக்குக் கொடுத்து வந்தாராம். மக்கள் மிஸ்கீன் ஒருவனும் உள்ளே வரக்கூடாது என்று தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டு, இன்ஷா அல்லாஹ் என்றும் சொல்லாமல், விடியுமுன் பறிக்கப் புறப்பட்டார்கள். போய்ப் பார்த்தால் தோட்டம் இரவோடு இரவாக அழிந்து கிடந்தது. முதலில் வழி தவறி வந்துவிட்டோம் என்றே நினைத்தார்கள்! அவர்கள் செய்ததும் வராத பழத்தைக் கணக்கில் எழுதியதுதான். அந்தக் கணக்கில் ஏழைக்கு இடம் விடாததும் அதனால்தான்.

டுரியானுக்கு ஸகாத் உண்டா என்று கேட்டால், ஷாபிஈ மத்ஹபில் பழங்களில் பேரீச்சைக்கும் திராட்சைக்குமே உஷ்ரு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடத்தில் நிலத்தில் விளையும் பழம் எல்லாவற்றுக்கும் உண்டு. மழையால் விளைந்ததில் 10ல் 1, இறைத்துப் பாய்ச்சியதில் 20ல் 1. நம் ஜமாஅத்தில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். உஷ்ரு இல்லை என்பவர் விற்ற பணத்துக்குரிய ஸகாத்தையும் ஸதகாவையும் மறக்கலாகாது. புல் வெட்டிய கூலியாளும், வேலியோரம் நிற்கும் கம்பத்துப் பிள்ளைகளும் மத்ஹபு கேட்டு நிற்பதில்லை. மரம் நட்டவனின் பழத்தில் மனிதனோ பறவையோ பிராணியோ தின்பதெல்லாம் அவனுக்கு ஸதகா என்று நபிமொழி இருக்கிறது. வௌவாலும் அணிலும் அதில் அடக்கம்.

குத்தகையை விட்டால் பிழைப்பு எப்படி என்பது நியாயமான கேள்வி. கைபர் தோட்டங்களை நபியவர்கள் ஹிஜ்ரி 7ல் பாதி விளைச்சலுக்கு அங்குள்ளவர்களிடமே பராமரிக்க விட்டார்கள். வந்தால் இருவருக்கும், வராவிட்டால் இருவருக்கும் இல்லை. முஸாகாத் எனும் இம்முறையை எல்லா மரத்துக்கும் கொள்வதில் ஷாபிஈ மத்ஹபில் பேச்சு உண்டு, ஆலிமிடம் கேட்டுக்கொள்க. அதுவும் வேண்டாமென்றால், விழுந்த பழத்தை அன்றன்று நிறுத்து விற்பதற்கு எவர் ஆட்சேபணையும் இல்லை. வரும் ஆண்டுகளுக்கு முன்பணம் வாங்கிவிட்டவர்கள் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க இந்த மழைக்காலமே தோதானது. இப்போது பெரும்பாலான மரங்களில் பூவும் இல்லை, காயும் இல்லை. இரு தரப்பாரும் விலை பேசி வாதாட ஒன்றுமில்லை.