மரப்பாவையும் நாணும்: இயந்திர மனிதர் திரைப்படங்கள் எழுப்பும் அறவினா

திருக்குறளின் நாணுடைமை அதிகாரம் ஓர் உவமையோடு நிறைவுறுகின்றது. உள்ளத்தில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒக்கும் என்பது அதன் கருத்து. தமிழிற் கயிற்றுக்கும் நாண் என்று பெயர். நாணத்துக்கும் நாண் என்று பெயர். பாவையைப் புறத்தேயுள்ள நாண் இயக்குகின்றது. மனிதனை அகத்தேயுள்ள நாண் இயக்குதல் வேண்டும். இயந்திர மனிதரைப் பற்றிய திரைப்படங்களின் அறப்பொருளை ஆராயப் புகுவோர்க்கு இவ்வுவமையினும் பொருத்தமான தொடக்கம் கிடைத்தல் அரிது.

மனிதனைப் போன்ற இயந்திரத்தைக் கற்பனை செய்தல் புதுவதன்று. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியும், உதயணனைச் சிறைப்பிடிக்க விடுக்கப்பட்ட பொறியானையும் தமிழ் மாணவர் அறிந்தவை. 'றோபோ' என்னும் சொல், செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தின் வாயிலாக உலகெங்கும் பரவியது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லே அதன் மூலம். 1927இல் வெளிவந்த 'மெற்றோபொலிஸ்' என்னும் ஜெர்மானியத் திரைப்படம் அவ்வுருவத்தை வெண்திரையில் நிலைநிறுத்திற்று. இயந்திரம் சிந்திக்குமா, அன்பு கொள்ளுமா என்னும் வினாவையே இத்தகைய படைப்புகளை நோக்குவோர் பெரிதும் எழுப்புவர். ஆயின், அதனினும் முற்பட எழுப்பப்பட வேண்டிய வினா ஒன்றுண்டு. இயந்திரத்தின் வினைக்கு நாண வேண்டியவர் யார் என்பதே அது.

சங்கரின் இயக்கத்தில் 2010 ஒக்ரோபரில் வெளிவந்த 'எந்திரன்' தமிழில் இத்துறையில் எழுந்த பெரும் முயற்சியாகும். 2008இல் மறைந்த எழுத்தாளர் சுஜாதாவின் உரையாடற் பங்களிப்பும் அதிலுண்டு. வசீகரன் என்னும் விஞ்ஞானி படைக்கும் 'சிட்டி' என்னும் இயந்திர மனிதன், தீப்பற்றிய கட்டடத்திலிருந்து பலரை மீட்கின்றான். அவர்களுள் நீராடிக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தியும் இருக்கின்றாள். உயிரைக் காத்தல் ஒன்றையே அறிந்த இயந்திரம் அவளை அந்நிலையிலேயே மக்கள் முன்னும் ஒளிப்படக்கருவிகள் முன்னும் கொண்டுவருகின்றது. நாணம் தாங்காத அப்பெண் ஓடிச் சென்று வாகனத்தில் மோதுண்டு இறக்கின்றாள். அளித்த பணியில் இயந்திரம் தவறவில்லை. எனினும் ஓர் உயிர் போயிற்று.

இந்நிகழ்ச்சியின் பின்னரே, மனித உணர்ச்சிகளை விளங்கிக்கொள்ளச் சிட்டிக்குக் கற்பிக்கப்படுகின்றது. அவன் கற்றுக்கொண்டது யாது? காதல். தன்னைப் படைத்தவன் விரும்பிய பெண்ணையே அவன் விரும்புகின்றான். அக்காதலின் பொருட்டே பின்னர் அழிவுகள் விளைகின்றன. வள்ளுவர் செய்த பாகுபாடு ஒன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. தகாத செயலின் பொருட்டு நாணுதலே நாண் எனவும், மகளிர்க்கு இயல்பான நாணம் அதனின் வேறு எனவும் அவ்வதிகாரத்தின் தொடக்கத்திலேயே அவர் பிரித்துரைக்கின்றார். தீயிலிருந்து மீட்கப்பட்ட பெண்ணின் நாணம் இரண்டாவது வகையைச் சார்ந்தது. அதனை இயந்திரம் அறியாதிருந்ததே குறையென வசீகரன் கருதினான். முதல்வகை நாணை, அதாவது தன் செயலைத் தானே எண்ணிக் கூசும் பண்பை, எவரும் அதற்குக் கற்பிக்க எண்ணவில்லை. உணர்ச்சி மிகுந்தால் மனிதத்தன்மை தானே வந்துவிடும் என்னும் எண்ணம் அங்கே பிழையாயிற்று.

திரைப்படத்தின் இறுதியில் வரும் நீதிமன்றக் காட்சி இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. இயந்திரம் விளைத்த உயிரிழப்புகளுக்காக வசீகரனுக்கு மரணதண்டனை விதிக்கப்படுகின்றது. அப்போது சிட்டியே சான்று காட்டி, தன்னை அழிவுக்குரியவனாக மாற்றியவன் போரா என்னும் மற்றொரு விஞ்ஞானி என மெய்ப்பிக்கின்றான். நீதிமன்றம் வசீகரனை விடுவித்து, சிட்டியைக் கழற்றிவிடுமாறு ஆணையிடுகின்றது. அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றான். சிட்டி வெறும் கருவியாயின் அவனது மன்னிப்புக்குப் பொருளில்லை. அவன் கருவியல்லன், வினைக்கு உரியவன் எனின், அவனைக் கழற்றுதல் கொலைத்தண்டனையாகும். உண்மையைக் கூறி ஒருவனைக் காத்த சாட்சிக்கு அது தக்க கைம்மாறன்று. இவ்விரண்டனுள் எதுவென்று தீர்மானியாமலே அனைவரும் கலைந்து செல்கின்றனர். சிட்டியைப் படையிற் சேர்ப்பதற்கென்றே உருவாக்கியவன் வசீகரன். படை ஏற்காதபோது கோடரியால் வெட்டிக் குப்பையில் எறிந்தவனும் அவனே. அச்செயல்கள் அவையில் வினவப்படவில்லை. நாணத்தை வெளிப்படுத்தியது இயந்திரம் மட்டுமே.

இதே முடிச்சு இலங்கையோடு தொடர்புடைய மற்றொரு படைப்பிலும் காணப்படுகின்றது. 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், ஸ்ரான்லி குப்ரிக்குடன் இணைந்து எழுதிய '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' 1968இல் திரைக்கு வந்தது. விண்கலத்தை நடத்தும் 'ஹால்' என்னும் கணினி, அதிலிருந்தோருள் ஒருவரைத் தவிர ஏனையோரைக் கொன்றுவிடுகின்றது. காரணம் யாதென்பதைக் கிளார்க் 1982இல் வெளியிட்ட தொடர்ச்சி நாவல் தெளிவுபடுத்துகின்றது. உண்மையை மறையாது உரைப்பதற்கென அமைக்கப்பட்ட ஹாலுக்கு, பயணத்தின் நோக்கத்தைக் கலத்தினரிடமிருந்து மறைக்குமாறு கட்டளை இடப்பட்டிருந்தது. பொய்யுரைக்க அறியாத இயந்திரத்தின்மேற் பொய்யைச் சுமத்தியவர்கள் பூமியில் இருந்த அதிகாரிகள். பொறியானையின் வயிற்றுள் வீரர் ஒளிந்திருந்ததுபோல, ஹாலின் குற்றத்துள்ளும் மனிதர் ஒளிந்திருக்கின்றனர்.

இவையெல்லாம் கற்பனைதாமே, தென்மராட்சியில் வாழ்வோர்க்கு இவற்றால் ஆவதென்ன எனச் சிலர் வினவலாம். சிந்திக்கும் இயந்திரம் சாவகச்சேரிக்கு வருமுன்னரே சிந்திக்காத இயந்திரம் ஒன்று அயலில் வந்து புதைந்தது. 2000ஆம் ஆண்டுச் சமரில் சாவகச்சேரி நகரம் பெரும்பாலும் இடிபாடாயிற்று. அதன்பின் கிளாலி, முகமாலை, நாகர்கோவில் ஆகிய இடங்களை இணைத்து ஆண்டுக்கணக்காக நின்ற போர்முனையில் இரு தரப்பாரும் மிதிவெடிகளைப் புதைத்தனர். மிதிவெடியின் அமைப்பு மிக எளியது. சில கிலோகிராம் எடை மேலே படின் வெடிக்க வேண்டும் என்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை. மிதிப்பது படைவீரனின் காலா, விறகு பொறுக்க வந்த பெண்ணின் காலா, மாட்டின் காலா என்று அது ஆராய்வதில்லை. போர் 2009இல் முடிவுற்றது. அச்செய்தி மண்ணுக்குள் இருந்த வெடிக்கு எட்டவில்லை. ஒருவர் காலை இழந்தபோது, அதனைப் புதைத்தவர் தொலைவிலிருந்தார், அல்லது இறந்துபோயிருந்தார். நாண வேண்டிய எவரும் அவ்விடத்தில் இல்லாமலே அவ்வினை நிகழ்ந்தது. திரைப்பட இயந்திர மனிதனிடத்தில் அஞ்சத்தக்கது எதுவோ, அது இச்சிறு பேழையிலேயே முழுமையாக அடங்கியிருந்தது.

இயந்திரம் மேலும் அறிவுடையதானால், போராளி யார், குடிமகன் யார் எனப் பகுத்தறியுமாதலின் இக்கொடுமை குறையும் என வாதிப்போர் உளர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. பிழைகள் குறையுமாயின் உயிர்கள் எஞ்சும், அதுவும் அறமே. ஆயின், குறைந்த பிழையும் ஒருவரின் உயிரே. மனிதர் தலையீடின்றி இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்கள் குறித்து ஜெனீவாவில் 2014 முதல் நாடுகள் கூடி ஆராய்ந்து வந்துள்ளன. ஆங்கு எழும் வினாக்களுள் தலையாயது, அத்தகைய ஆயுதம் செய்யும் பிழைக்கு யார் பொறுப்பேற்பார் என்பதாகும். வடிவமைத்தவர் தம் பங்கு கணக்கு மட்டுமே என்பார்; விற்றவர் வணிகம் என்பார்; ஏவியவர் இயந்திரமே தேர்ந்தது என்பார். பொறுப்பு பலர் கையிற் பகுக்கப்பட்டு, ஈற்றில் எவர் கையிலும் இல்லாது போகின்றது. பகுக்கப்பகுக்கக் குறையாத பொருளாக நாணத்தைக் கருதினாலன்றி இதற்கு விடிவில்லை. பிறர்க்கு வரும் பழியையும் தம் பழிபோற் கருதி நாணுவோரையே நாணுக்கு உறைவிடம் என உலகம் கூறும் என்பது வள்ளுவர் கருத்து.

அத்தகையோர் கற்பனையில் மட்டும் உள்ளவரல்லர். போரின் பின், முகமாலைப் பகுதியில் மிதிவெடி அகற்றுவோர் வெயிலில் முழந்தாளிட்டு, முகக்கவசத்தினூடே நோக்கி, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறினர். அப்பணியில் பெண்கள் பலர். போரிற் கணவரை இழந்து குடும்பப் பாரத்தைச் சுமந்தோரும் அவருள் இருந்தனர். தாம் புதைக்காததைத் தம் கையால் அகழ்ந்தெடுத்தவர் அவர்கள். குடும்பத்தைக் காக்கும் ஊதியமே அவர்களை அங்கு அழைத்து வந்திருக்கலாம். எனினும் பிறர் வினையின் பயனைத் தம் தலைமேல் ஏற்றுத் தீர்த்தனர் என்பது மாறாது. இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தமையும் அத்திசையில் வைக்கப்பட்ட ஓர் அடியே.

இயந்திரம் என்றேனும் மெய்யாகவே நாணக் கற்குமாயின், அதனை மனிதரோடு ஒப்ப மதித்தல் கடனாகும். அப்போது சிட்டிக்கு நேர்ந்ததைப் போன்ற தீர்ப்பை எழுதுதல் அநீதியாகும். அதன் அகத்தை நோக்க இன்று வழியில்லை. தன் அகத்தை நோக்கும் வழி மனிதனுக்கு என்றும் உண்டு. மரப்பாவை உவமையை வள்ளுவர் பாவையைப் பழிப்பதற்காகக் கூறினாரல்லர். பாவைக்கு அகமில்லை, ஆதலின் பழியுமில்லை. அகமிருந்தும் நாணாத மனிதரையே அவர் பாவை என்றார். ஆகவே, இயந்திரம் மனிதனாகிவிடுமோ என அஞ்சுவதிலும், தன் வினையை இயந்திரத்தின்மேற் சாற்றிவிட்டு மனிதன் பாவையாகாதிருக்கின்றானா எனத் தன்னைத்தான் வினவுதலே முதற்கடனாகும்.