முதல் தொழிலோடு நின்றவன்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது அமராவதி நகர். 1957-ல் எழுந்த அணை, 1962 முதல் நடக்கும் சைனிக் பள்ளி, அணையை ஒட்டி ஒரு முதலைப் பண்ணை. ஊரைப் பற்றிச் சொல்ல வெளியூர்க்காரருக்கு இவ்வளவு போதும். நீர்த்தேக்கத்தின் கரையோரங்களில் நன்னீர் முதலைகள் இட்ட முட்டைகளை எடுத்து வந்து, பொரிக்கவைத்து வளர்ப்பதற்காக 1975-ல் அந்தப் பண்ணை தொடங்கப்பட்டது. பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும் பெரிய முதலைகளைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் அருவருத்து, கொஞ்சம் பயந்து, மீன் வறுவல் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

அந்த அருவருப்பான பிராணி தாயாகும்போது என்ன செய்கிறது என்பது தியானத்துக்குரிய விஷயம். கரையில் குழி தோண்டி முட்டையிட்டு, மண்ணால் மூடிவிட்டு, பக்கத்திலேயே காவல் கிடக்கிறது. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து மண்ணுக்கடியிலிருந்து குஞ்சுகள் குரல் கொடுக்கும். கேட்டதும் மண்ணை விலக்கி, குஞ்சுகளைத் தன் தாடைக்குள் ஏந்தித் தண்ணீருக்குக் கொண்டுபோகிறது. எலும்பை நொறுக்கும் வாய் அந்நேரம் தொட்டில்.

இதை அறிந்த பிறகு மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் படித்தால், அதன் பயங்கரம் நாம் கேள்விப்பட்ட இடத்தில் இல்லை என்று தெரியும். 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் அவர் அதை எழுதத் தொடங்கியபோது வயது 18. பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தவர்; முந்தைய ஆண்டு தன் முதல் குழந்தையைப் பறிகொடுத்தவர். பிறப்பு என்பதைத் துக்கத்தின் பக்கத்திலிருந்தே பார்த்த ஒரு பெண். 1818-ல் நாவல் வெளிவந்தபோது அதில் அவர் பெயர்கூட இல்லை.

கதையில் விக்டர் என்ற மாணவன் பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவத்தைச் செய்து உயிரூட்டுகிறான். நவம்பர் மாத இரவொன்றில் அது கண் திறக்கிறது. அழகாக வருமென்று எண்ணியது கோரமாக இருக்கிறது. விக்டர் ஓடிவிடுகிறான். கொலைகளெல்லாம் பிறகுதான் நடக்கின்றன. எனக்கு நாவலின் முதல் குற்றம் அந்த ஓட்டம்தான். விழித்ததும் கைநீட்டிய ஓர் உயிரை, பெயர்கூட வைக்காமல் விட்டுப் போனது.

கைவிடப்பட்டது காட்டில் அலைகிறது. ஓர் ஏழைக் குடும்பத்தை ஒளிந்திருந்து பார்த்துப் பேச்சைக் கற்கிறது. அவர்களுக்குத் தெரியாமல் இரவில் விறகு வெட்டி வைக்கிறது. ஆற்றில் விழுந்த சிறுமியைக் காப்பாற்றித் துப்பாக்கிச் சூடு வாங்குகிறது. எங்கே முகத்தைக் காட்டினாலும் அடி. கடைசியில் அது கொலைகாரனாகிறது. விக்டரின் தம்பி வில்லியம் சாகிறான். பழி ஜஸ்டின் என்ற வேலைக்காரப் பெண்மீது விழுகிறது. உண்மை தெரிந்த விக்டர் வாய் திறக்கவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்ற பயம். அவள் தூக்கிலேறுகிறாள்.

விக்டர் கல்நெஞ்சன் இல்லை. தூக்கம் போகிறது, உடம்பு உருகுகிறது, பக்கம் பக்கமாக வருந்துகிறான். ஆனால் அந்த வருத்தம் முழுவதும் தன்னைச் சுற்றியே நிற்கிறது. தன் வேதனை, தன் விதி. குற்ற உணர்ச்சி தன்னைப் பார்த்து அழுவது. பொறுப்பு, தான் உண்டாக்கியதன் முகத்தைப் பார்ப்பது. முன்னது எவ்வளவு பெருகினாலும் பின்னதாக ஆகிவிடுவதில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் தீர்ப்பு பிழை என்று தெரிந்த கணத்திலேயே அரியணையில் உயிர்விட்டான். அந்த நேர்மைக்கு முன் விக்டர் தூசு. இருந்தும், அவன் போன பிறகும் மதுரை எரிந்ததே என்ற எண்ணம் எனக்கு எழாமல் இல்லை.

சைவ சித்தாந்தம் இறைவனுக்கு ஐந்தொழில் சொல்கிறது. மனவாசகங்கடந்தாரின் ‘உண்மை விளக்கம்’ ஆடவல்லானின் திருமேனியிலேயே அந்த ஐந்தையும் காட்டும். உடுக்கை படைப்பு, அமர்த்திய கை காப்பு, ஏந்திய தீ அழிப்பு, ஊன்றிய பாதம் மறைப்பு, தூக்கிய பாதம் அருள். சிலையின் முன் நிதானமாக நின்று பாருங்கள். உடுக்கை ஒரு கையில் மட்டும்தான். படைப்பு ஐந்தில் ஒன்று. அதைச் செய்தவனே மற்ற நான்கையும் செய்கிறான். விக்டர் உடுக்கையை மட்டும் எடுத்துக்கொண்டான். பிறகு தீயைத் தேடித் துருவப் பனிவரை தன் படைப்பைத் துரத்தினான். நடுவில் காக்கும் கை இல்லை, கடைசியில் அருளும் இல்லை. சாகக் கிடக்கும்போதும் தன் நடத்தையில் குறை காணவில்லை என்றே சொல்கிறான். அவன் உடலருகே நின்று கதறியது அந்த அநாமதேய உயிர் ஒன்றுதான்.

இந்தக் கதையை ஐரோப்பாவோடு நிறுத்த நம்மால் முடியாது. அமராவதி நகர் இருக்கும் இதே திருப்பூர்ச் சீமையில் வெள்ளியங்கிரி மலையிலிருந்து வரும் நொய்யல் ஓடுகிறது. பனியன் தொழில் இலட்சக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. அதைச் செய்தவர்களை அரக்கர்கள் என்று சொன்னால் நன்றிகெட்ட பேச்சு. ஆனால் பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியோடு போய்விடும், உப்பு தண்ணீரோடு நின்றுவிடும். சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட நீர், பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. யாருக்காக அணை கட்டினார்களோ அந்த விவசாயிகளே, திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சும் நிலை வந்தது. கிணறுகள் உப்பேறின, தென்னை காய்ந்தது.

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிலைப்பாட்டை 2009-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. நிலைமை மாறாததால் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். இங்கும் ஜஸ்டின்கள் உண்டு.

அதன் பிறகு நடந்ததை விக்டரின் கதையில் சேர்க்க முடியாது. மூடிவிட்டு ஓடியவர்கள் உண்டு, நின்றவர்களும் உண்டு. நின்றவர்கள் பெருஞ்செலவில் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்து, கழிவுநீரைச் சவ்வு வழியே வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி, அந்தத் தண்ணீரையே திரும்பத் திரும்பப் புழங்குகிறார்கள். ஓடிய கால் திரும்பி வந்தது என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். நீதிமன்றம் இழுத்துவந்த கால்தான், ஆனாலும் வந்தது. தானாக வந்த மனத்தூய்மைக்குத்தான் மதிப்பு என்று நாம் பிடிவாதம் பிடித்தால் ஆறு காத்திருக்காது.

தண்ணீரைக் காய்ச்சி எடுத்த பின் அடியில் கலவை உப்பு மிஞ்சுகிறது. ஒன்றுக்கும் ஆகாத அந்த உப்பு சுத்திகரிப்பு நிலையக் கிடங்குகளில் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருக்கிறது. அதைச் செய்தவர்கள் பட்டறைக்காரர்கள் மட்டுமல்லர். அந்த நிறங்களை விரும்பி வாங்கிய உள்ளூர்க்காரரும் வெளிநாட்டுக்காரரும்கூட. அதற்கொரு வழி காணும் வேலை இன்னும் முடியவில்லை.