தொப்பியும் தலைமுடியும்

தில்லி நடைபாதைக் கடைகளில் மலிவு விலைக்குக் கிடைக்கும் ஒரு தொப்பியை வாசகர்கள் கண்டிருக்கக் கூடும். 'என்', 'ஒய்' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் சின்னம் அதன் நெற்றியில் தைக்கப்பட்டிருக்கும். சென்ற கோடையில் நம் மகன் அத்தகைய தொப்பி ஒன்றை வாங்கி வந்தான். தோளைத் தொடும் முடியின்மேல் அதை அணிந்து அவன் நின்ற கோலம் நமக்குச் சினத்தை மூட்டியது. முடியை வெட்டிக்கொண்டு வந்தால்தான் பேச்சு என்று கூறிவிட்டோம். அச்சின்னம் யாருடையது என்று பின்னர்த் தேடிப் படித்தபோதோ, சினம் போய்ச் சிரிப்பு வந்தது. நியூயார்க் யாங்கீஸ் என்னும் அமெரிக்க பேஸ்பால் அணியின் சின்னம் அது. அந்தத் தொப்பிக்குக் கீழே தோள்வரை முடி தொங்கலாகாது என்று 1973-ஆம் ஆண்டிலேயே விதி செய்த அணி!

பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் உறவுடைய ஆட்டம். அதில் யாங்கீஸ் அணிக்கு இருக்கும் பெருமை தனி. 'உலகத் தொடர்' எனப்படும் போட்டியை 27 முறை வென்ற அணி அது. (உலகம் என்பது பெயரளவில்தான், ஆடுவன அமெரிக்க அணிகளும் ஒரு கனடிய அணியுமே.) அவ்வணியின் சட்டையின் முதுகில் எண் இருக்கும்; பெயர் இராது. ஆடுபவன் யாராயினும் அணியே பெரிது என்பது அதன் உட்பொருள்.

1973-இல் கப்பல் கட்டும் தொழிலதிபர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் தம் கூட்டாளிகளுடன் சேர்ந்து அவ்வணியை வாங்கினார். அவ்வாண்டு நாட்டுப்பண் இசைக்கப்படுகையில் வீரர்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். புதிய உரிமையாளர் அவர்களுடைய முடியின் நீளத்தைக் கண்டு திகைத்து, வெட்டிக்கொள்ள வேண்டியவர்களைக் குறித்துக்கொண்டாராம். பெயர்கள் தெரியாமையால் முதுகிலிருந்த எண்களைக் குறித்தார் என்பர். மீசை வைக்கலாம், தாடி கூடாது, முடி கழுத்துப்பட்டையைத் தாண்டலாகாது என்று விதி பிறந்தது. நாளடைவில் இதற்கு 'யாங்கீஸ் மரபு' என்னும் பெயர் வாய்த்தது.

மரபு என்றால் எவ்வளவு பழையது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேஸ்பால் வீரர்களுடைய படங்களைப் பார்த்தால் முறுக்கிய மீசைகளே நிறைந்திருக்கின்றன. மழித்த முகம் அதன் பின் வந்த நாகரிகம். பழமையே அளவுகோல் என்றால் மீசைக்காரர்களே மரபினர், மழித்தவர்கள் புதுமைக்காரர்கள். நம் குடும்பத்திலும் இக்கதை உண்டு. தாத்தா இளமையில் குடுமியைக் களைந்து கிராப்பு வெட்டிக்கொண்டு வந்தபோது அவருடைய தந்தையார் பல நாள் முகங்கொடுத்துப் பேசவில்லையாம். அந்தக் கிராப்பைத்தான் இன்று நாம் ஒழுக்கம் என்கிறோம்.

சரி, விதியை மீறுவோர் பக்கம் மட்டும் உண்மை இருக்கிறதா? மீறலின் வரலாறும் விந்தையானதே. 1972-ஆம் ஆண்டில், பல பத்தாண்டுகளாக மீசையைக் காண்பதே அரிதாகிவிட்ட அந்த ஆட்டத்தில், ஓக்லாந்து அணியின் ரெஜி ஜாக்சன் மீசையோடு வந்து சேர்ந்தார். உரிமையாளர் சார்லி பின்லிக்கு அது பிடிக்கவில்லை. வேறு சிலரையும் மீசை வளர்க்கச் செய்தால், தனித்து நிற்கும் பெருமையை இழந்து ஜாக்சன் மழித்துவிடுவார் என்று கணக்கிட்டார். கணக்குத் தவறியது, ஆனால் மீசைகள் அவருக்கே பிடித்துப்போயின. ஜூன் மாதத்துத் தந்தையர் தினத்திற்குள் மீசை வளர்ப்போருக்குத் தலைக்கு 300 டாலர் என்று அறிவித்தார். அணி முழுவதும் வளர்த்தது. ஒருவன் செய்தபோது எதிர்ப்பாக இருந்தது, அனைவரும் கூலி பெற்றுச் செய்தபோது சீருடையாகிவிட்டது! நீண்ட முடியும் கிழிந்த கால்சட்டையும் கடைகளில் விலை போட்டு விற்கும் இக்காலத்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவ்வாண்டு உலகத் தொடரில் ஓக்லாந்தை எதிர்த்து நின்றது சின்சினாட்டி ரெட்ஸ். முகத்தில் மயிரே கூடாது என்ற விதியுடைய அணி. மீசைக்கும் மழித்த முகத்திற்கும் நடந்த போராகவே மக்கள் அதைப் பார்த்தார்கள். ஏழு ஆட்டங்களில் ஓக்லாந்து நான்கை வென்றது. அந்த ஏழில் ஆறு, ஒரே ஓர் ஓட்ட வேறுபாட்டில் முடிந்தவை. அந்த ஓர் ஓட்டத்தைக் கொண்டு எந்தக் கொள்கைக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

நம் உள்ளத்தைத் தொட்டவை பின்னால் நடந்த இரண்டு செய்திகள். 300 டாலருக்காக மீசை வளர்த்தவர்களுள் ரோலி பிங்கர்ஸ் என்னும் பந்து வீச்சாளர் ஒருவர். மெழுகிட்டு முறுக்கிய அந்த மீசை அவருடைய அடையாளமாகவே ஆயிற்று. 1986-இல், ஆட்ட வாழ்வின் அந்தியில், வேலை தர முன்வந்தது அதே சின்சினாட்டி அணி. மீசையை மழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர் மறுத்து ஆட்டத்தையே விட்டார். கூலிக்கு வளர்த்த மீசை, வாழ்வையே விலையாகக் கேட்டபோதும் விட முடியாத சொந்தப் பொருளாகிவிட்டது.

மற்றொருவர் டான் மேட்டிங்லி, யாங்கீஸ் அணியின் தலைவர். 1991 ஆகஸ்டில், முடியைக் குறைக்க மறுத்ததற்காக அவரை ஆடவிடாமல் உட்கார வைத்தார்கள். அப்போது ஸ்டைன்பிரென்னரே தடை விதிக்கப்பட்டு அணி நிருவாகத்திலிருந்து விலகியிருந்த காலம். விதியைச் செய்தவர் வெளியே. விதி மட்டும் உள்ளே! அரசு அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு இது புதிதன்று. இயற்றியவர் ஓய்வு பெற்ற பின்னும் சுற்றறிக்கை ஓய்வு பெறுவதில்லை. மேட்டிங்லி சின்னாட்களில் முடியை வெட்டிக்கொண்டு ஆடினார். அவரைக் கோழை என்று கூற நமக்கு மனம் வரவில்லை. மறுத்தபோதும் அவர் அதன் விளைவை ஏற்றார்; பணிந்தபோதும் அணிக்காக ஆடினார்.

ஒரு வழக்கம் யாரால், எதற்காகத் தொடங்கியது என்பதைக் கொண்டு அதை மதிப்பிடுவது நம் பழக்கம். தொடக்கத்தை ஆராய்ந்தால் இரு பக்கமும் தூய்மை இல்லை. ஒன்று முதலாளியின் முகச்சுளிப்பு, மற்றொன்று முதலாளியின் முந்நூறு டாலர். அதைக் கைக்கொள்பவன் அதற்காக எதை இழக்கத் துணிகிறான் என்பதில்தான் அது அவனுடையதாகிறது. 2004-இல் நீண்ட முடியும் தாடியுமாக பாஸ்டன் அணிக்கு ஆடி வென்ற ஜானி டேமன், அடுத்த ஆண்டின் இறுதியில் யாங்கீஸ் அணிக்கு வந்தபோது இரண்டையும் களைந்தார். பணத்திற்காக என்று பலர் பழித்தனர். இருக்கலாம். பிங்கர்சின் மீசை தொடங்கியதும் பணத்தில்தானே என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

2025 பிப்ரவரியில், ஸ்டைன்பிரென்னரின் மகன் ஹால், சீராகப் பேணிய தாடிக்கு இசைவு தந்தார். நல்ல வீரர் ஒருவர் இவ்விதியின் பொருட்டு அணிக்கு வரத் தயங்கினால் இழப்பு அணிக்கே என்று அவர் எண்ணியதும் ஒரு காரணம். தந்தை செய்ததை மகன் மாற்றினான். ஆயினும் 'சீராக' என்னும் அடைமொழியைத் தன் கையில் வைத்துக்கொண்டான்.

நம் மகன் மூன்றாம் நாள் முடியை வெட்டிக்கொண்டு வந்தான். பணிவா, சலிப்பா என்று நாம் கேட்கவில்லை. தொப்பி தளர்ந்து காதின்மேல் இறங்கிவிட்டது. மேற்கண்ட கதைகளை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சொன்னோம். அனைத்தையும் கேட்டுவிட்டு, "கொள்ளுத்தாத்தாவோட அப்பா கடைசியில எப்பப்பா பேசினார்?" என்றான். அது நமக்குத் தெரியாது. வீட்டில் யாரும் சொன்னதில்லை. இப்போது அவனுடைய முடி மீண்டும் காதை மூடத் தொடங்கியிருக்கிறது. நாம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.