பெட்டகமும் ஆற்றுவாயும்

பேராசை தீது என்பதை மறுத்துரைப்பார் எவருமிலர். அறநூல்கள் யாவும் அதனைக் கடிந்தே பேசுகின்றன. ஆயின், பிறரது பேராசையைக் கண்டு நகைக்கும் ஒருவன், அந்நகைப்பினால் தன் பேராசையினின்றும் விடுபடுகின்றானா என்பது எளிதில் விடை கூறவொண்ணாத வினாவாகும். தமிழ்த் திரையுலகில் இவ்வினாவுக்கு இடந்தந்த நகைச்சுவைப் படங்களுள் ஒன்று, 1972ஆம் ஆண்டில் ஏவி.எம். நிறுவனத்தின் தயாரிப்பாக, சித்ராலயா கோபுவின் நெறியாள்கையில் வெளிவந்த 'காசேதான் கடவுளடா' ஆகும். முதலில் மேடை நாடகமாக விளங்கிய கதை இது.

குடும்பச் செல்வம் முழுவதையும் இரும்புப் பெட்டகத்தில் இட்டுத் தன் பிடியில் வைத்திருக்கும் மாற்றாந்தாயாக மனோரமா தோன்றுகின்றார். அப்பணத்தைக் கவர்வதற்கு முத்துராமனும் ஸ்ரீகாந்தும் ஏற்ற பாத்திரங்கள் சூழ்ச்சி செய்கின்றன. தேநீர்க்கடைக்காரராக வரும் தேங்காய் சீனிவாசன் சாமியார் வேடம் பூண்டு அவ்வீட்டினுள் நுழைகின்றார். காசைக் கடவுளாகப் போற்றும் இல்லத்திற் புகுதற்குக் கடவுளடியார் வேடமே திறவுகோலாகின்றது. பொருளை வெறுத்தவன் போலத் தோன்றுபவனிடமே பொருளுடையார் காவலைத் தளர்த்துவர் என்னும் உண்மை இங்கு எள்ளலாக வெளிப்படுகின்றது.

ஈண்டு நோக்கத்தக்கது யாதெனில், பார்வையாளர் கள்வரின் பக்கமே நிற்கின்றனர் என்பதாகும். 'பூட்டி வைத்தவள் உலோபி. எடுப்பவன் அவ்வீட்டு மகன். ஆதலின் இது களவன்று, உரிமை மீட்பே' என அவர்தம் உள்ளம் நியாயம் கற்பிக்கின்றது. 1668ஆம் ஆண்டில் பிரான்சில் அரங்கேறிய மொலியேரின் 'உலோபி' நாடகத்தில், பணப்பேழையைப் பறிகொடுத்த ஆர்ப்பகோன் அவையோரை நோக்கித் திரும்பி, அவர்கள் நகைப்பதைக் கண்டு, அவர்களையும் ஐயுறுகின்றான். அவ்வையம் முற்றிலும் பேதைமையன்று. பேழை களவு போனதில் அவையோரும் உள்ளூர மகிழ்ந்தவர்களே.

துய்த்தலும் ஈதலும் இல்லாதவனிடம் சேர்ந்த பொருளாற் பயனில்லை என்பதை உணர்த்த 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். எனினும், உலோபியின் குற்றம் கள்வனுக்கு உரிமையாகிவிடாது. புளியந்தீவின் வரலாறே இதற்குச் சான்று பகரும். ஆங்கு வாவிக்கரையில் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் அஃது ஆங்கிலேயர் வசமாயிற்று. மாறியது சாவியை ஏந்திய கையேயன்றி, அக்கையின் வேட்கையன்று.

அவ்வாறாயின், குவிந்த செல்வம் குவிந்தவாறே கிடத்தல் தகுமோ எனின், தகாது. இதனையும் மட்டக்களப்பு வாவியைக் கொண்டே விளக்கலாம். மாரியில் வெள்ளம் பெருகுங்கால் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருப்பின், நீர் தேங்கித் தாழ்ந்த நிலங்களையும் படுவான்கரை வயல்களையும் மூழ்கடிக்கும். ஆதலின் ஆற்றுவாய் வெட்டுதல் இன்றியமையாததாகின்றது. ஆயினும், ஒருவர் தம் மனம்போனவாறு இரவோடிரவாக வெட்டிவிடுதல் முறையாகாது. உழவர் நலத்தையும் மீனவர் நலத்தையும் ஒருங்கே எண்ணி, காலமும் அளவும் ஆராய்ந்து, பலரறிய வெட்டுதலே முறையாகும். செல்வத்தைத் திறந்துவிடுதற்கும் இவ்விதியே பொருந்தும். திறப்பவன் தன் பங்கை மாத்திரம் எண்ணுவானாயின், அவன் உலோபியின் இடத்தை நிரப்புபவனேயாவான்.

படம் முடிந்து வீடு திரும்புபவன் அம்மாற்றாந்தாயை மட்டும் எண்ணிச் சிரிப்பானாயின், அவனுக்குக் கிட்டியது ஒருபொழுது மகிழ்ச்சியே. பெட்டகப் பணத்தின் பின்னே தன் கண்களும் ஓடியதை நினைந்து சற்றே நாணுவானாயின், அந்நாணமே அவன் பெற்ற பயனாகும்.