மேடைக்கு எடுத்துச் செல்லும் கித்தார்

ஒரு கலைஞரிடம் இரண்டு மின்கித்தார்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று நல்லது, மற்றொன்று அதனினும் நல்லது. இன்று மாலை ஒரு மண்டபத்தில் முந்நூறு பேர் முன்னிலையில் அவர் வாசிக்க வேண்டும். அடுத்த வாரம் ஒலிப்பதிவுக் கூடத்தில், இசைத்தட்டு ஒன்றிற்காக வாசிக்க வேண்டும். சிறந்த கருவியை அவர் எங்கே கொண்டு செல்வார்? எங்கே கொண்டு செல்ல வேண்டும்?

இவ்விரு கேள்விகளும் ஒன்றல்ல. முன்னதற்கு விடை எளிது. சிறந்ததை ஒலிப்பதிவுக்கென ஒதுக்கி வைத்துவிட்டு, அடிபட்டால் மனம் பதறாத ஒன்றை மேடைக்கு எடுத்துச் செல்வோர் பலர். பின்னதைத்தான் சில காலமாக மனத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கித்தாரைத் தொட்டறியாத நமக்கும் அதில் பங்குண்டு. கையிலுள்ள மேலானதை எதிரே வந்து அமர்ந்திருப்பவருக்குக் கொடுப்பதா, என்றோ எங்கோ கேட்கப்போகும் முகமறியாத ஒருவருக்கென எடுத்து வைப்பதா என்னும் வினா, கித்தார் பிறப்பதற்கு முன்பே பிறந்த வினா.

கலைஞர்கள் சொல்லும் காரணங்களை முதலில் மதிப்போடு கேட்போம். மின்கித்தாரின் உயிர், கம்பிகளுக்கு அடியில் பதிக்கப்பட்டிருக்கும் ‘பிக்கப்’ என்னும் சிறு உறுப்பில் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலேயுள்ள எஃகுக் கம்பி அதிர, காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஒலிபெருக்கியில் அது இசையாகிறது. ஆனால் அச்சுருள் கம்பியின் குரலை மட்டும் கேட்பதில்லை. சுற்றிலுமுள்ள மின்மாற்றிகள், விளக்கொளியைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள் ஆகியவற்றின் இரைச்சலையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் கலைஞர் தம் நாற்காலியைச் சற்றே திருப்பிப் போட்டு, இரைச்சல் குறையும் கோணத்தைத் தேடிக்கொள்ளலாம். விளக்குகள் கொழுந்துவிட்டு எரியும் மேடையில் அது நடவாது.

இதற்கு மாற்றாகவே, கிப்ஸன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பை வடிவமைத்தார். ஒன்றுக்கொன்று எதிராய் அமைந்த இரு சுருள்களில் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள, இசை மட்டும் நிற்கிறது. ஆனால் ஒற்றைச் சுருளுக்கே உரிய கண்ணாடி போன்ற தெளிவும் அதனோடு சிறிது போய்விடுகிறது. ஆகவே கூடத்திற்கு ஒன்று, மேடைக்கு ஒன்று எனப் பிரிப்பதில் நியாயம் இருக்கிறது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர், 1979இல் வெளிவந்த ‘தி வால்’ இசைத்தட்டின் புகழ்பெற்ற பாடல் ஒன்றில் தனித்து இசைக்கும் பகுதியை, ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்ட 1955ஆம் ஆண்டுக் கிப்ஸன் லெஸ் பால் கித்தாரில் பதிவு செய்தார். 1980களின் இறுதியிலும் 1994இலும் பெரும் மேடைகளில் ஏறியபோதோ, இரைச்சல் மிகக் குறைந்த வேறு வகைப் பிக்கப்புகள் பொருத்திய சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரே அவர் தோளில் தொங்கியது.

இன்னொரு காரணமும் உண்டு. கூடத்தில் ஒரே மனிதர் மூன்று பேராகலாம். முதலில் ஒரு கித்தாரை வாசித்துப் பதிந்து, அதன்மேல் மற்றொன்றையும் வேறொன்றையும் அடுக்கலாம். லெட் செப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜ் 1971இல் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாடலை அப்படித்தான் உருவாக்கினார். அதன் உச்சத்தில் வரும் தனியிசையைப் பழைய டெலிகாஸ்டர் ஒன்றில் வாசித்தார். அதே பாடலை மேடையில் வாசிக்க ஒரு கித்தார் போதவில்லை. நடுப்பாட்டில் கருவியை மாற்ற அவகாசமும் இல்லை. ஆறு கம்பிக் கழுத்தும் பன்னிரண்டு கம்பிக் கழுத்தும் ஒரே உடலில் அமைந்த கிப்ஸன் இரட்டைக் கழுத்துக் கித்தாரை அவர் தூக்கிச் சுமந்தார். பார்ப்பவருக்கு அது பகட்டாகத் தோன்றலாம். உண்மையில் அது மேடையின் நெருக்கடி பெற்ற பிள்ளை.

திருட்டையும் விபத்தையும் சொல்லாமல் விட முடியாது. பேஜிடமே 1960ஆம் ஆண்டில் செய்யப்பட்ட கறுப்பு லெஸ் பால் ஒன்று இருந்தது. குழு தொடங்குமுன் கூலிக்கு வாசித்த நாள்களில் ஒலிப்பதிவுக் கூடங்களில் அவருக்குச் சோறு போட்ட கருவி அது. 1970இல் துணிந்து அதைப் பயணத்தில் எடுத்துச் சென்றார். அவ்வாண்டே அமெரிக்காவில் அது களவு போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்தே அவர் கைக்குத் திரும்பியது. வீட்டிலேயே வைத்திருக்கலாமே என்று நாமும் சொல்வோம்.

இதுவரை குற்றம் காண ஒன்றுமில்லை. இடத்திற்கு ஏற்ற கருவியைத் தேர்வது விவேகம். அகப்பை இருக்குமிடத்தில் அகப்பையும் கத்தி இருக்குமிடத்தில் கத்தியும் வேண்டும். ஆயினும் இக்காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தால், அடியில் வேறொன்று தென்படுகிறது. அதைச் சொல்லக் கலைஞர்கள் சற்றே கூசுகிறார்கள். மேடையில் விரல் தவறினால் அது காற்றோடு போகும். தட்டில் தவறினால் பேரன் காலத்திலும் கேட்கும். சிறந்த கித்தாரைப் பதிவுக்கென ஒதுக்கும்போது நாம் பேணுவது முகமறியாத அந்த ரசிகரையா, நம் பெயரையா?

இங்கே ஒரு முரண்பாடு கண்ணில் படுகிறது. ஒலிப்பதிவுக் கூடம் மறுவாய்ப்புகளின் வீடு. வாசித்தது பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி வாசிக்கலாம். நாற்பது முறை வாசித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சாதாரணக் கருவியின் குரலைக்கூடத் திறமையுள்ள பொறியாளர் செப்பனிட்டு எடுத்துவிடுவார். மேடையில் மறுவாய்ப்பே கிடையாது. வேலை முடித்து, பேருந்து பிடித்து, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர் இன்று கேட்பதுதான் அவருக்கு என்றென்றைக்கும். அப்படியானால், கருவியின் துணை அதிகம் தேவைப்படும் இடத்திற்கு இரண்டாந்தரத்தையும், குறைவாகத் தேவைப்படும் இடத்திற்கு முதல்தரத்தையும் கொண்டு செல்கிறோம்.

நம் வீடுகளிலும் இது நடப்பதுதான். பெட்டியில் மடித்து வைத்த பட்டுச்சேலை ‘நல்ல நாளுக்கு’ என்று காத்திருக்கும். நல்ல நாள்கள் வந்து போகும். இன்னும் நல்ல நாள் ஒன்று மீதமிருப்பதாகவே மனம் சொல்லும். கடைசியில் மடிப்போடு இற்றுப்போன சேலையை மகள் பிரித்துப் பார்ப்பாள். அதைச் சிக்கனம் என்றுதான் என் தாயார் தலைமுறை அழைத்தது. எனக்கு அதில் எப்போதும் முழு உடன்பாடு இருந்ததில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு, மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சீட்டு வாங்கப் பணமில்லாதவர், மண்டபமே இல்லாத ஊரில் இருப்பவர், நோயில் படுத்திருப்பவர், இன்னும் பிறக்காதவர் ஆகியோருக்கு இசைத்தட்டைத் தவிர வேறு வழி ஏது? அயர்லாந்தின் கார்க் நகரில் வளர்ந்த ரோரி கேலகர், சிறுவனாய் இருந்தபோது வானொலியின் வழியாகத்தான் அமெரிக்கக் கலைஞர்களைக் கேட்டுக் கற்றார். கடலுக்கு அப்பால், தம்மை ஒருபோதும் அறியாத ஒரு சிறுவனுக்காகவும் அவர்கள் கருத்தோடு வாசித்திருந்தார்கள் அல்லவா? ஒலிப்பதிவுக்குச் சிறந்ததைத் தருவது தன்னலம் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாதபடி இது என்னைத் தடுக்கிறது.

எனவே கேள்வியைச் சற்று மாற்றிப் போடத் தோன்றுகிறது. எந்தக் கருவி எங்கே என்பதைவிட, எடுத்துச் செல்லாததற்கு நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் காரணம் யாரைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். ‘இரைச்சல் கேட்பவரைத் துன்புறுத்தும்’ என்பது கேட்பவரைப் பற்றிய காரணம். ‘கம்பி அறுந்தால் நிகழ்ச்சி தடைப்படும், சுருதி நிற்கும் கித்தாரே வேண்டும்’ என்பதும் அப்படியே. ‘கீறல் விழுந்தால் விலை இறங்கிவிடும்’ என்பது அவரைப் பற்றியதன்று. 1958 முதல் 1960 வரை கிப்ஸன் செய்த லெஸ் பால் கித்தார்கள் அன்று முந்நூறு டாலருக்கும் குறைவாக விற்றன. இன்று அவை இலட்சக்கணக்கான டாலர் பெறுகின்றன. கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019இல் நியூயார்க் ஏலத்தில் 39 இலட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அத்தொகையை அவர் சுற்றுச்சூழல் காக்கும் அறப்பணிக்கு அளித்துவிட்டார் என்பது போற்றத்தக்கது. ஆயினும் விலை அந்த உயரத்திற்கு ஏறிய பிறகு, ஒரு கித்தாரை மழை நாளில் சிற்றூர் மண்டபத்திற்கு எவர் எடுத்துச் செல்வார்?

கருவியின்மேல் வைக்கும் அன்புக்கும் ஓர் எல்லை உண்டு. அதை பி.பி.கிங் நெருப்பில் கற்றார். 1949ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அமெரிக்காவின் அர்க்கான்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்னும் சிற்றூரின் நடனக்கூடம் ஒன்றில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். குளிர்காய மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருந்த கலத்தை, சண்டையிட்ட இருவர் தட்டிவிட்டார்கள். கூடம் பற்றிக்கொண்டது. எல்லாரோடும் வெளியே ஓடிய கிங், கித்தார் உள்ளே இருப்பது நினைவுக்கு வர, திரும்பத் தீக்குள் பாய்ந்தார். முப்பது டாலர் கித்தார். அதை மீட்டுவிட்டார், உயிர் போயிருக்கும். அத்தீயில் இருவர் மாண்டனர். சண்டைக்குக் காரணம் லூசீல் என்னும் பெண் என மறுநாள் அறிந்தார். இனி ஒருபோதும் இத்தகைய மடமை செய்யலாகாது என்று தம்மை எச்சரித்துக்கொள்ளவே கித்தாருக்கு லூசீல் எனப் பெயரிட்டார். அடுத்தடுத்து வந்த கித்தார்கள் எல்லாமே அப்பெயரைப் பெற்றன.

புகழின் உச்சியில் இருந்தபோது லூசீலை அவர் பூட்டி வைக்கவில்லை. 1970 செப்டம்பரில் சிகாகோவின் குக் கவுண்டி சிறைக்குள் அதை எடுத்துச் சென்று கைதிகளுக்கு வாசித்தார். அன்றைய நிகழ்ச்சி 1971இல் இசைத்தட்டாக வெளிவந்தது. பத்தாண்டு கழித்து, 1980இல், கிப்ஸன் நிறுவனம் லூசீல் என்ற பெயரிலேயே ஒரு கித்தாரைச் செய்தது. மேடையில் ஒலி மிகும்போது உட்குடைவுள்ள கித்தார் ஊளையிடத் தொடங்கும். அதைத் தவிர்க்க, உடலில் வழக்கமாய் இடும் ஒலித்துளைகளை அதில் மூடிவிட்டார்கள். மேடைக்கு இரண்டாந்தரம் என்னும் வழக்கத்துக்கு எதிராக, சிறந்ததையே மேடைக்கு ஏற்றவாறு மாற்றினார்கள். இந்த வழி ஏன் பலருக்குத் தோன்றுவதில்லை என்பது எனக்கு வியப்பு.

இழப்பு வராமலில்லை. பீட்டர் ஃப்ராம்டன், 1976இல் விற்பனையில் பெரும் வெற்றி கண்ட தம் மேடைப் பதிவில் வாசித்த கறுப்பு லெஸ் பாலை 1980இல் இழந்தார். அதைச் சுமந்த சரக்கு விமானம் வெனிசுவேலாவில் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்தவர்கள் இறந்தனர். கித்தாரைப் பற்றிப் பேசும்போது இது பலருக்கு மறந்துவிடுகிறது. எரிந்துபோனதாக எண்ணிய கருவி குரசாவ் தீவில் இருந்தது தெரியவந்து, 2011 இறுதியில் அவரிடம் திரும்பியது. தீப்பட்ட தழும்புகளை மறைக்க வேண்டாம் என்று சொல்லி, பழுது மட்டும் நீக்கி, மறுபடி மேடைக்கே அதை எடுத்துச் சென்றார்.

முன்னர்ச் சொன்ன ரோரி கேலகரிடம் இவ்வளவு வாதத்திற்கு இடமே இருக்கவில்லை. 1963இல், பதினைந்து வயதில், கார்க் நகரக் கடை ஒன்றில் 1961ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை நூறு பவுனுக்குக் கடனாய் வாங்கினார். பழைய கித்தார், ஏற்கெனவே ஒருவர் வாசித்தது. அவர் குடும்பத்திற்கு அது மலை போன்ற தொகை. கூடத்திலும் அதையே வாசித்தார். மேடையிலும் அதையே வாசித்தார். ஒருமுறை டப்ளினில் அது திருடு போய், சில நாள் கழித்து வெளியே கிடந்த நிலையில் மீண்டு வந்தது. அதற்குப் பின்னும் வீட்டில் வைக்கவில்லை. வட அயர்லாந்தில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த 1970களில், பிற கலைஞர்கள் பெல்ஃபாஸ்ட் நகரைத் தவிர்த்தபோது, இவர் ஆண்டுதோறும் அங்கே போனார். அந்நகரின் இளைஞர்கள், எந்தத் தெருவைச் சேர்ந்தவராயினும், ஒரே மண்டபத்தில் நின்று கேட்டார்கள். 1974இல் வெளிவந்த அவரது அயர்லாந்துப் பயணத்தின் இசைத்தட்டு பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மேடைகளில் பதிவானது. மேடைக்கு எது, பதிவுக்கு எது என்ற வேறுபாடு அதில் இல்லை. கைதட்டலும் கூச்சலும் கலந்தே கேட்கின்றன.

1995இல் அவர் மறைந்தார். 2024 அக்டோபரில் இலண்டனில் ஏலம் விடப்பட்ட அந்தக் கித்தார், வாங்கியவர்களால் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பட்டது. அதன் உடலில் வண்ணப்பூச்சு பெரும்பகுதி தேய்ந்து, மரம் தெரிகிறது.